முருகன்குறிச்சியில் மைக்கேல் ஜாக்சனுக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்: யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

கேள்வி: பாளைக்காரி

அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான். நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ மைக்கேல் ஜாக்சனில் வந்து நின்றது. அவர் இறந்த வாரத்தில் முருகன்குறிச்சி பஸ் ஸ்டாப் பக்கத்தில் அவருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டியிருந்தார்கள் என்று சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏளா, எந்தக் கட்சிக்காரன் மாமனாருக்கு வச்சதப் பாத்தியோ. மைக்கேல் ஜாக்சனுக்குப் பாளையங்கோட்டைல யாரு வைப்பா?" என்றான். அரைக்கிலோ அல்வா பந்தயம். அவன் எனக்கு அல்வா கொடுத்தே பழக்கப்பட்டவன், அது வேறு விஷயம்.

நான் சொல்வது 2009 ஜூன் 26, வெள்ளிக்கிழமையை ஒட்டிய நாட்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 25-ஆம் தேதி மதியம் 2.26-க்கு அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். நமக்கு அப்போது 26 விடிவதற்கு முந்தைய மூன்று மணி. பேப்பர் அச்சாகி வண்டி ஏறிய பிறகு வந்த சாவு. அதனால் எங்கள் வீட்டுக்கு வந்த காலைப் பேப்பரில் ஒரு வரி இல்லை. எனக்குச் செய்தி சொன்னது டவுன் பஸ்தான்.

டிகிரி முடித்துவிட்டு திருநெல்வேலி ஜங்ஷனில் டேலி என்கிற கம்ப்யூட்டர் கணக்கு கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர். ஒருத்தர், "கறுப்பாப் பொறந்து வெள்ளையாச் செத்துட்டான்வே" என்றார். மற்றவர், "பொதைப்பானா எரிப்பானா? எரிச்சா பிளாஸ்டிக் நாத்தம்லா அடிக்கும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அப்போது கீழுதட்டின் இடது ஓரத்தில் ஐம்பது பைசா அளவுக்கு வெள்ளை. வலது கையில் கட்டை விரலைத் தவிர நான்கு விரல் நுனியிலும் வெள்ளை. ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தோல் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: இது குஷ்டம் இல்லை, ஒட்டிக்கொள்ளாது, தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை உடம்பே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான் என்று. டாக்டருக்குப் புரிந்தது தெருவுக்குப் புரிய வேண்டுமே. பஸ்ஸில் எப்போதும் இடது கையால்தான் கம்பியைப் பிடிப்பேன். வலது கை துப்பட்டாவுக்குள் இருக்கும். வண்ணாரப்பேட்டை தாண்டி, கொக்கிரகுளம் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி இறங்குகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. அவர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை வெளியே எடுக்கவில்லை.

நான் அவர் பாட்டில் பைத்தியமாக இருந்தவள் இல்லை. பைத்தியம் அண்ணன்தான். பீரோ கதவில் அவர் படத்தை ஒட்டி வைத்து, அம்மா சாமி படம் ஒட்ட இடம் கேட்டபோதுகூடக் கொடுக்காதவன். எனக்கு அவர் மேல் இருந்தது வேறு ஒரு ஒட்டுதல். 1993-லேயே ஓப்ரா வின்ஃப்ரேயின் டிவி பேட்டியில் தனக்கு இருப்பது தோல் நோய், தானாக வெளுக்கவில்லை என்று அவர் சொன்னதாக ஒரு வார இதழில் படித்திருந்தேன். எங்கள் தெருவில் அதை நம்பின ஆள் நான் ஒருத்திதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று நாள் கழித்து, ஜங்ஷனிலிருந்து திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை முகம், தொப்பி, நெற்றியில் விழுந்த முடி. கீழே 'கண்ணீர் அஞ்சலி'. அப்புறம் ஏதோ சின்னப் படங்கள். பஸ் எடுத்துவிட்டான். மறுநாள் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து போனதால் பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் அது இல்லை.

யாராவது பார்த்தீர்களா? யார் வைத்தது? அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? சிரித்தீர்களா, வருத்தப்பட்டீர்களா, ஒன்றும் தோன்றவில்லையா? உள்ளதைச் சொன்னால் போதும். அண்ணனிடம் கேட்டால் "வேலைக்குப் போனேன்" என்கிறான். அன்று ராத்திரி பீரோ கதவிலிருந்த படத்தை பிளேடு வைத்து ஓரம் கிழியாமல் சுரண்டி எடுத்தது அவன்தான். எங்கே வைத்தான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

பதில்: ரெக்கார்டிங் அண்ணாச்சி

தங்கச்சி, பிளக்ஸை நான் பார்க்கவில்லை. என் கடை ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஜங்ஷனில். பாளைக்கு வருவதே கல்யாணம், எழவு என்றால்தான். ஆனால் அன்றைக்கு என் கடையில் நடந்ததைச் சொல்ல முடியும்.

1985-ல் ரெக்கார்டிங் சென்டர் ஆரம்பித்தேன். வெறும் கேசட் வாங்கிக் கொடுத்து, நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவோம். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு பக்கத்தில் மூணே முக்கால் நிமிஷம் மிச்சம் என்றால் அதற்குப் பொருத்தமாக ஒரு ஜானகி பாட்டைச் சொருகிவிடுவேன்.

மைக்கேல் ஜாக்சன் எனக்கு வந்தது தூத்துக்குடி வழியாக. கப்பலில் வேலை பார்த்த ஒருத்தர் ஒரிஜினல் கேசட் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்று 1982-ல் வந்த 'த்ரில்லர்'. அதிலிருந்து எத்தனை காப்பி போட்டேன் என்று கணக்கில்லை. காப்பிரைட்டைப் பற்றி யாரும் என்னைக் கேட்காதீர்கள், காலம் கடந்துவிட்டது. பாட்டின் பெயர் யாருக்கும் தெரியாது. "நடுவுல 'ஹீ ஹீ'ன்னு கத்துவாருல்லா, அது", "பேய் மாதிரி சிரிப்பு வருமே, அது" என்று கேட்பார்கள். நானும் அட்டையில் 'மை.ஜா. 1', 'மை.ஜா. 2' என்றுதான் எழுதுவேன். கேட்டு வந்தவர்கள் இரண்டே வகை. இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள், அப்புறம் கோயில் கொடைத் திருவிழாவில் டான்ஸ் ஆடுகிற பையன்கள். முதல் வகை முழுப் பாட்டு கேட்கும். இரண்டாம் வகைக்கு ஆரம்பத்தில் வருகிற தாளம் மட்டும் போதும். அதையே திரும்பத் திரும்ப ஒட்டி எட்டு நிமிஷம் ஆக்கித் தரச் சொல்வார்கள்.

2009-ல் கேசட் செத்து வருஷக்கணக்காகியிருந்தது. கடையில் ஒரு கம்ப்யூட்டர், செல்போன் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் வேலை. அன்றைக்குப் பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே மூன்று பேர் நிற்கிறார்கள். மத்தியானத்துக்குள் இருபது பேருக்கு மேல். எல்லாரும் கேட்டது ஒரே ஆளை. அதில் பாதிப் பேர் அதுவரை அவர் பாட்டைக் கேட்டே இருக்க மாட்டார்கள். சாயங்காலம் காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். "செத்துட்டானாம்லா அண்ணாச்சி, ஒரு நாலு பாட்டு ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். இயர்போனை ஒரு காதில் சொருகி, கடை வாசலிலேயே நின்று ஒரு பாட்டை முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் பாடியிருக்கான்" என்றார். இருபது ரூபாயை வைத்துவிட்டுப் போனார். உங்கள் பஸ்ஸில் சிரித்த ஆள்தானோ என்னவோ.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்த ஒரு வாரத்தில் அவர் பாட்டுகள் இணையத்தில் 10 லட்சத்துக்கும் மேல் விற்றன. அதுவரை ஒரே வாரத்தில் அப்படி விற்ற ஆள் கிடையாது. அந்த வாரம் எனக்கும் நல்ல வசூல். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இழவு வீட்டுக்குப் பந்தல் போடுகிறவனும் காசு வாங்கத்தானே செய்கிறான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சிரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நம்ம ஊரில் எந்த எழவு வீட்டு வாசலிலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் செத்தவரைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே ஒப்பாரி, வெளியே சிரிப்பு. அந்த மனுஷனுக்கு இங்கே உள்ளே அழ ஆளில்லை. வெளித் திண்ணை மட்டும்தான் இருந்தது.

பதில்: நைட் ஷிப்ட் மேலப்பாளையம்

அக்கா, அன்றைக்கு நான் ஊரில் இல்லை. பெங்களூரில் அமெரிக்க கார்டு கம்பெனிக்கு கால் சென்டர் வேலை. விடிகாலை மூன்றரை இருக்கும். லைனில் வயதான ஒரு அம்மா, லேட் ஃபீஸ் போட்டுவிட்டார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. பின்னால் டிவி சத்தம். அப்புறம் "மைக்கேல் போய்விட்டான்" என்றார். யாரோ மகனோ மருமகனோ என்று நினைத்து, எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த அனுதாப வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். அந்த அம்மா நன்றி சொல்லி அழுதார். லேட் ஃபீஸைத் தள்ளுபடி செய்துவிட்டேன். அதற்கு டீம் லீடரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அப்புறம்தான் பக்கத்து சீட்டுப் பையன் சொன்னான். கூகுள் நியூஸில் பேரைத் தட்டினால் செய்திக்குப் பதிலாக மன்னிப்புக் கேட்கிற பக்கம் வருகிறது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே பேரைத் தேடியதால், யாரோ மென்பொருளை வைத்துத் தாக்குகிறார்கள் என்று கூகுள் நினைத்து அடைத்துவிட்டதாம். கிட்டத்தட்ட 25 நிமிஷம் அப்படி இருந்தது என்று பின்னால் அவர்களே எழுதினார்கள்.

இன்னொரு கூத்து தெரியுமா? ஹாலிவுட் நடைபாதையில் அவர் பேர் பொறித்த நட்சத்திரம் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்து அங்கே ஏதோ பட விழாவுக்கு அதை மூடிவிட்டார்கள். பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு வந்த ஜனம் என்ன செய்தது? அதே மைக்கேல் ஜாக்சன் என்ற பேரில் ஒரு ரேடியோ அறிவிப்பாளருக்கும் அங்கே நட்சத்திரம் உண்டு. அவர் அப்போது உயிரோடு இருந்தார். அவர் தலையில் கொண்டுபோய் எல்லாவற்றையும் வைத்துவிட்டார்கள்.

பிளக்ஸ் தெரியாது அக்கா. ஆனால் அண்ணனை நம்பாதீங்க.

பதில்: கல்லிடைக்குறிச்சியான்

ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. எனக்கு வயது எழுபதுக்கு மேல். மைக்கேல் ஜாக்சன் செத்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆடுவார், பாடுவார், நல்லவரோ கெட்டவரோ, எனக்கும் அவருக்கும் நடுவில் ஏழு கடல்.

இங்கிருந்து கூப்பிடு தூரம் காருகுறிச்சி. அந்த ஊர் நாதஸ்வர வித்வான் அருணாசலம் 1964-ல் போனார். வயது 43 நிறையவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன். எங்கப்பாவுக்கு இசை பற்றி ஒரு இழவும் தெரியாது, வயல் வேலைக்காரர். செய்தி கேட்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரிய மனிதர் முன்னால்தான் அப்படிச் செய்வார். யார் முன்னால் கட்டினார்? வெறும் வாசல். அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த நாதஸ்வரத்தை அவர் கேட்டது கோயில் திருவிழாக்களில், ராத்திரி ஒரு மணிக்கு, தரையில் உட்கார்ந்து.

அப்புறம், வில்லுப்பாட்டு சுப்பு ஆறுமுகம். சத்திரம் புதுக்குளத்துக்காரர், நம்ம மண். 2021-ல் பத்மஸ்ரீ. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி சென்னையில் காலமானார். அன்றைக்கு உங்கள் செல்போனில் எத்தனை ஸ்டேட்டஸ் வந்தது? என் பேரன் போனில் நானே எண்ணிப் பார்த்தேன். ஒன்று. அதுவும் நான் சொல்லி அவன் வைத்தது.

ஆனாலும் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். காருகுறிச்சியாரை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததும் 1962-ல் ஜானகி குரலோடு சேர்ந்து அவர் வாசித்த ஒரு சினிமாப் பாட்டுதான். ரேடியோவில் அது வராவிட்டால் எங்கப்பா அளவுக்கு எல்லாருக்கும் துக்கம் இருந்திருக்குமா தெரியாது. ரெக்கார்டிங் அண்ணாச்சி கடையில் காருகுறிச்சி கேட்டு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லட்டும்.

பதில்: ரெக்கார்டிங் அண்ணாச்சி

ஐயா, கல்யாண சீசனில் மாசம் பத்துக் கேசட் போகும். மண்டபத்துக்கு மேளம் வைக்கக் காசில்லாத வீடுகள் வாங்கிப்போகும். அதைச் சாவுக் கணக்கில் சேர்க்க முடியாது.

பதில்: தியேட்டர் சிஸ்டர்

தியேட்டர் என்றால் சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர். அதனால் ஒரு திருத்தம் மட்டும். அவர் போதை மருந்தில் செத்தார் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது புரொபோஃபால் என்கிற மயக்க மருந்து. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அவரே அதைப் பால் என்றுதான் சொல்வார் என்று விசாரணையில் வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நாங்கள் தினமும் பார்க்கிற மருந்து. ஏறின ஒரு நிமிஷத்துக்குள் ஆள் மயங்கிவிடுவார். மூச்சும் குறையும், சில சமயம் நின்றே போகும். அதனால்தான் மயக்க டாக்டர் தலைமாட்டை விட்டு நகரமாட்டார். ஆக்சிஜன், மானிட்டர், மூச்சுக்குழாய் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். வீட்டுப் படுக்கையறையில், தூக்கம் வரவில்லை என்பதற்காக அதைப் போட்டால் என்ன ஆகும்? ஜூலை 13-லிருந்து லண்டனில் 50 நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருந்தார், அதற்கு ஒத்திகை. தூக்கமே இல்லை. மருந்து போட்ட டாக்டரை 2011 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி நான்கு வருஷம் தண்டனை கொடுத்தார்கள்.

பாளைக்காரி, உங்களுக்கு இது தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அவருக்கு வெண்புள்ளி இருந்தது உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. 1993-ல் அவர் சொன்னது பொய் இல்லை.

அந்த வருஷம் பித்தப்பை ஆபரேஷனுக்கு நாங்குநேரி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சிரிஞ்சில் வெள்ளையாக மருந்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். "யம்மா, இது அந்த மைக்கேல் ஜாக்சன் ஊசியா?" என்று கேட்டார். மயக்க டாக்டர், "அதே ஊசிதான் தாத்தா, ஆனா நான் உங்க பக்கத்துலயே இருப்பேன்" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினார்.

பதில்: ஸ்டெப் மாஸ்டர்

அக்கா, அந்த பிளக்ஸ் நாங்க வச்சது. இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, இல்லையென்றால் முதலிலேயே சொல்லியிருப்பேன். அண்ணனிடம் அல்வாவை வாங்கிவிடுங்கள்.

அப்போது நாங்கள் ஏழு பேர், சமாதானபுரத்துப் பையன்கள். கோயில் கொடைகளில் ஆடலும் பாடலும் நிகழ்ச்சிக்கு ஆடுவோம். வில்லுப்பாட்டு, கணியான் கூத்தெல்லாம் முடிந்து, ஜனம் தூங்கி வழிகிற நேரத்தில் எங்களை ஏற்றுவார்கள். பெரியவர் கோபப்படக் கூடாது, அந்த நேரத்தில் ஜனத்தை உட்கார வைத்தது மைக்கேல் ஜாக்சன்தான். மூன்வாக் என்று டிவியில் பார்க்க லேசாக இருக்கும். கொடை மேடை பலகை அடுக்கிப் போட்டது, இரண்டு பலகைக்கு நடுவில் இடைவெளி. ஷூ நுனி அதில் சிக்கினால் பின்னால் விழுந்து மண்டை உடையும். அதனால் நடுவில் மட்டும் ஒரு பிளைவுட் தகட்டை ஆணியடித்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டித் தேய்த்து வைப்போம். அந்த ஆறடிக்குள்தான் எங்கள் மைக்கேல் ஜாக்சன் பின்னால் வழுக்கிப் போவான். அதைத் தாண்டினால் சாதாரணப் பையன்.

அவர் செத்த அன்றைக்கு எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. போய் மாலை போட ஒரு வீடு இல்லை. மைக் செட் போட்டால் போலீஸ் வரும். கடைசியில் பிளக்ஸ் என்று முடிவானது. ஆளுக்கு ஐம்பது போட்டும் பற்றவில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் நூற்றைம்பது தருகிறேன், ஆனால் என் போட்டோவும் வர வேண்டும் என்றார். சரி என்றோம்.

பிளக்ஸ் கடையில் சண்டை ஆரம்பித்தது. எந்த முகத்தைப் போடுவது? எனக்குச் சிவப்பு ஜாக்கெட் போட்ட அந்தப் பழைய கறுப்பு முகம். அதைப் பார்த்துத்தான் ஆடவே வந்தேன். மற்றவன்கள், "அதப் போட்டா யாருக்குல தெரியும்? கடைசி மொகத்தப் போட்டாத்தான் ஜனத்துக்குத் தெரியும்" என்றார்கள். கடைசியில் இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் வெள்ளை என்று இரண்டையும் போடச் சொன்னோம். டிசைன் செய்கிற பையன் திரும்பிப் பார்த்து, "அண்ணன் தம்பியா அண்ணே? ரெண்டு பேரும் ஒரே நாள்லயா போய்ட்டாங்க?" என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், கேலி இல்லை, அவன் அப்படித்தான் நினைத்தான். அப்புறம் தேதிச் சண்டை. தோற்றம் 29.08.1958, அதில் தகராறு இல்லை. மறைவு 25-ஆ, 26-ஆ? நம்ம ஊரில் செய்தி வந்தது 26 தானே என்று ஒருத்தன். நாம் என்ன திதியா கொடுக்கப் போகிறோம், அவர் ஊர்த் தேதியையே போடு என்று 25 போட்டோம்.

சனிக்கிழமை ராத்திரி கட்டினோம். ஆனிக் காற்று தெரியுமே, பாளை மைதானத்து மண்ணை எல்லாம் மூஞ்சியில் அடிக்கும். ஞாயிறு ராத்திரியே இடது பாதி கிழிந்து கரண்டுக் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. கறுப்பு முகம் போய்விட்டது. நீங்கள் பார்த்தது திங்கள் அல்லது செவ்வாயாக இருக்கும். அதனால்தான் வெள்ளை முகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. புதன்கிழமை நானே போய் அந்தப் பாதியையும் அறுத்து எடுத்துவிட்டேன். கீழ்ப்பட்டையை மட்டும் எடுக்க முடியவில்லை, கட்டையோடு சேர்த்து ஆணி அடித்திருந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தும், ஓரத்தில் டீக்கடைக்காரர் போட்டோவும் இன்னும் ஒரு வாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அறுத்துக்கொண்டு போன பாதி எங்கள் சித்தி வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேல் இரண்டு மழைக்காலம் தாங்கியது.

அக்கா, உங்கள் பஸ் கதையைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. மேடை ஏற்றும்போது எங்கள் மைக்கேல் ஜாக்சனுக்கு ரோஸ் பவுடரை முகத்திலும் கையிலும் அப்பித்தான் விடுவோம். ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை. பார்த்ததும் ஜனம் சிரிக்கும், அதற்காகத்தான். அவர் செத்த பிறகும் இரண்டு மூன்று கொடைக்கு அப்படித்தான் செய்தோம். பாளைப் பக்கத்துக் கொடை எதிலாவது நீங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தீர்களோ என்னவோ.

பதில்: பாளைக்காரி

தம்பி, உட்கார்ந்திருந்தேன். எந்தக் கொடை என்று சொல்லமாட்டேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன், அது பழைய கதை, விடு. இப்போது எனக்கு இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெள்ளை. பஸ்ஸில் எந்தக் கை வாட்டமோ அந்தக் கையால்தான் பிடிக்கிறேன். ஆனால் இரண்டு முகத்தையும் போட்டீர்கள் பார், அதற்கு நீயும் அந்த ஆறு பேரும் நன்றாயிருக்க வேண்டும். கிழிந்து போனது எது, மிஞ்சினது எது என்பதையும் காற்று பார்த்துத்தான் செய்ததோ.

ரெக்கார்டிங் அண்ணாச்சி, இங்கே உள்ளே அழ ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஆள் அழுதது. ஜூலை 7, லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்ததே, அதை நம்ம நேரம் ராத்திரி பத்தரையிலிருந்து டிவியில் காட்டினார்கள். உள்ளே போக 17,500 டிக்கெட், கேட்டுப் பதிந்தவர்கள் 16 லட்சம் பேர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பார்க்கவே மாட்டேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு அவர் யார் என்றே தெரியாது, பூ கட்டிக்கொண்டே பார்த்தாள். கடைசியில் அவர் மகள், பதினொரு வயசுப் பிள்ளை, மைக் முன்னால் வந்தது. அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உடைந்துபோய் அத்தை மேல் சாய்ந்தது. அம்மா நாரைக் கீழே வைத்துவிட்டாள். "பொம்பளப் பிள்ளைய இப்படி நடுச்சபையில அழ விட்டுட்டுப் போயிட்டானே, பாவி" என்று ஆரம்பித்தாள், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். எங்கள் அப்பா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. யாருக்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

கல்லிடைக்குறிச்சி ஐயா, உங்கள் அப்பா துண்டை இடுப்பில் கட்டியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

அப்புறம் பந்தயம். ஸ்டெப் மாஸ்டர் எழுதியதைக் கடைசி வரை வாசித்தேன். டீக்கடைக்காரர் போட்டோ வரும் இடத்தில் அண்ணன் படக்கென்று எழுந்து உட்கார்ந்தான்.

"ஏளா, அந்தப் பட்டைய நான் பாத்தேன். அவருல்லா செத்துட்டாருன்னு நெனச்சேன். கடைக்கு வேற போயி, அந்தப் பெஞ்சுல உக்காந்து அவரு மகன்கிட்ட துக்கம் கேட்டேன். அப்பா உள்ள பாத்திரம் கழுவிட்டிருக்காருன்னான்."

அல்வா வந்துவிட்டது. அரைக்கிலோ சொல்லியிருந்தான், கால்கிலோதான் வாங்கி வந்தான். பாதி பிளக்ஸைத்தானே நீ பார்த்தாய் என்கிறான்.